மஞ்சளோடு சேராத நீலம்

அத்தியாயம் 11

ரானல்ட் மக்லவுட் கனடாவிலிருந்து திரும்பி வந்ததைப் பற்றி ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரான டுனூன் பேச வேண்டியதையெல்லாம் பேசி ஓய்ந்துவிட்டது. எஃபியின் மனம்தான் இன்னும் ஓயவில்லை.

மகன் லாக்லனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவளையும் பிள்ளையையும் அப்படியே விட்டுவிட்டுப் போன மனிதன். பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். பிறகு அதுவும் நின்றுபோனது. இப்போது மகனுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, இரண்டு பெட்டியும் வாய் நிறையச் சிரிப்புமாகப் படகிலிருந்து இறங்கினான். ஒரு பெட்டியில் மக்லவுட் குலத்தின் கில்ட் இரண்டு இருந்தன; குலத்துக்கொரு நிறத்தில் ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டம்போட்ட பாவாடை. ஒன்று அவனுக்கு, ஒன்று மகனுக்கு. கருப்புக் கட்டத்துக்கு நடுவே ஒற்றைச் சிவப்புக் கோடு ஓடுகிற, கண்ணைக் குத்தும் மஞ்சள். ஊரார் அவனுக்கு அன்றைக்கே 'குளவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதுவரை, எஃபியின் இரண்டாவது கணவன் டூகல் லமாண்டின் குலத்து நீலப் பச்சைத் துணியில்தான் லாக்லன் மணமேடை ஏறுவதாக இருந்தது. எட்டு வயதிலிருந்து அவன் உடுத்தியதும் அதுதான். ஆகஸ்ட் மாத விளையாட்டு விழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் டூகலின் கையைப் பிடித்துக்கொண்டு, அதே துணியில் குட்டிக் கில்ட் கட்டிக்கொண்டு போனவன்தான்.

"பேரு மக்லவுட்தானே அம்மா. பேருக்கு ஏத்த துணி," என்றான், பெட்டி திறந்த அன்று.

டூகல் பக்கத்தில்தான் இருந்தார். "நல்ல கெட்டி நெசவு," என்று துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நாளைக்குக் கல்யாணம். இன்று மத்தியானம் தேவாலயத்தில் ஒத்திகை.

டூகல் காலையிலேயே இஸ்திரிப் பலகையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் தன் கில்ட்டை விரித்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. தரையில் பாலிஷ் போட்ட கருப்புக் காலணி. வாயில் பாதிச் சாசேஜ் ரொட்டி. கையில் இரண்டு கழுத்து டை.

"எஃபி, இங்க வா. இந்த வெளிச்சத்துல பாரு. இது சாம்பலா, ஊதாவா?"

"ஊதா கலந்த சாம்பல்."

"கடைக்காரப் பொண்ணு சாம்பல் கலந்த ஊதான்னு சொல்லிக் குடுத்தா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அது எப்படி ஒண்ணாகும்? சாம்பல் கலந்த ஊதான்னா மணப்பொண்ணோட தோழிங்க பக்கம் சேந்துரும். ஊதா கலந்த சாம்பல்னா என் கோட்டோட சேரும். எது யாரோட சேரணும்னு இப்பவே முடிவு பண்ணியாகணும்."

எஃபிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்தாள்.

படகில் கயிறு கட்டி வண்டிகளை ஏற்றி இறக்குகிற மனிதர் அவர். வருஷம் முழுக்க ஒரே நீலக் காற்சட்டை. அந்த மனிதர் ஒரு மாதமாக ஆர்கைல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கில்ட் துணியின் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

"காலுறைக்கு என்ன பண்ணே?" என்று கேட்டாள். ஏதாவது கேட்டாக வேண்டியிருந்தது.

"வெள்ளை வேண்டாம்னுட்டேன். வெள்ளை போட்டா ரெண்டு பால் பாட்டில் நடந்து வர்ற மாதிரி இருக்கும். கருநீலம் வாங்கினேன். மேல கட்டுற நாடா மட்டும் ஊதா. கழுத்துல ஒண்ணு, கால்ல ஒண்ணு, அவ்வளவுதான். நடுவுல எதுவும் கத்தக் கூடாது. பக்கிள் எல்லாம் வெள்ளி. பித்தளை ஒண்ணுகூடக் கிடையாது. இடுப்புப் பட்டை கருப்பு, முன்னால தொங்குற தோல்பை கருப்பு, ஷூ கருப்பு."

"இவ்வளவு எதுக்கு டூகல்?"

அவர் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அந்த மஞ்சளுக்குப் பக்கத்துல நிக்கப் போறேன். நானும் கத்தினா படம் சந்தைக்கடை மாதிரி ஆயிரும். நான் அடங்கி இருந்தாத்தான் பையன் எடுப்பாத் தெரிவான். கல்யாணம் அவனோடதுதானே."

எஃபி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடல் சாம்பலாகக் கிடந்தது. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

நேற்று சாயங்காலம் லாக்லன் வந்திருந்தான். உள்ளே வரவில்லை. கேட்டில் நின்றபடியே, காரின் இன்ஜினைக்கூட அணைக்காமல் சொன்னான்.

"அம்மா, டூகல்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும். டேவினா ரொம்பக் கவலைப்படறாங்க. தோழிங்க எல்லாரும் இளம் ஊதா. நானும் அப்பாவும் மஞ்சள். நடுவுல இந்த நீலப் பச்சை வந்தா படமே கெட்டுடுமாம். அவரைச் சாதாரண சூட்டு போட்டுக்கச் சொல்லு. ரெண்டாவது வரிசையில உக்காந்தாப் போதும்."

டேவினா மணப்பெண்ணின் அம்மா. கர்ன் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிறவள். மேசை விரிப்பிலிருந்து பூந்தொட்டி வரை எல்லாம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்கிற ரகம். சொல்லியிருப்பாள் என்றுதான் எஃபி நம்பினாள்.

"நீயே சொல்லேன்," என்றாள்.

"நீ சொன்னா அவர் வருத்தப்பட மாட்டார்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். தான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாயில் வைத்து அனுப்புவான். திட்டு வாங்குவது யாரோ, தப்பித்துக்கொள்வது அவன்.

"டூகல்."

"ம்."

"டேவினாவுக்கு அந்த நீலம் பிடிக்கலையாம். மஞ்சளோட சேராதாம். சூட்டு போட்டுக்கச் சொல்றாங்க."

டூகல் கையிலிருந்த டையைப் பார்த்தார். பிறகு பலகைமேல் கிடந்த கில்ட்டைப் பார்த்தார். மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கிச் சரிசெய்தார்.

"டேவினாவா சொன்னாங்க?"

"ஆமா."

"எங்க நிக்கணுமாம்?"

"ரெண்டாவது வரிசையில உக்காரணுமாம்."

"அப்ப நிக்கவே வேண்டாம்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. அவங்க வீட்டு விசேஷம். கண்ணுக்கு உறுத்துதுன்னா சொல்லத்தான் செய்வாங்க."

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அலமாரியைத் திறந்து கருப்பு சூட்டை வெளியே எடுத்தார். தம்பியைப் புதைத்த அன்று போட்டது. அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. ஊதா டையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு இது சேராது," என்றார். டையைச் சுருட்டி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

எஃபி இழுப்பறையைச் சாத்தினாள். ஒரு வசவு, ஒரு முனகல், எதையாவது அவர் சொல்லியிருந்தால் தேவலை. ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, குவளையைக் கழுவி வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

*

தேவாலய வாசலில் மழைத்தூறலில் நின்றுகொண்டிருந்தான் ரானல்ட். மஞ்சள் கில்ட். அதிலிருந்த ஒற்றைச் சிவப்புக் கோட்டுக்குச் சேர வேண்டுமென்று சிவப்பு டை, சிவப்புக் காலுறை, சிவப்பு நாடா. இடுப்பில் பித்தளை பக்கிள், காலில் வெள்ளி பக்கிள். ஒத்திகைக்கே இவ்வளவு அலங்காரம்.

டூகல் அவனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "நல்லா இருக்கு ரானல்ட்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

"எஃபி, உனக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்," என்றான் ரானல்ட். தாளில் சுற்றிய மஞ்சள் தோள்பட்டைத் துணி ஒன்றை நீட்டினான். "மாப்பிள்ளையோட அம்மா தோள்ல மக்லவுட் துணி இருக்கணுமில்ல. முறைன்னு ஒண்ணு இருக்கே."

"முறையா. நீ அதைப் பத்திப் பேசறியா?"

"பழசையெல்லாம் கிளறாதே. பையனுக்காகத்தான் சொல்றேன்."

"உன் மஞ்சள் எனக்குச் சேராது ரானல்ட். கட்டிக்கிட்ட அன்னைக்கே சேரலை. எனக்குத்தான் கண்ணு தெரியலை."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் இத்தனை வருஷத்திலும் மாறவில்லை. துணியை மறுபடி தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

போதகர் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார். மணப்பெண் ரோனா சாதாரண உடுப்பில், தலையில் மட்டும் பூ ஒட்டிய சீப்போடு, தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ரோனாவின் அப்பா இறந்து நாளாயிற்று. நல்ல பெண். ஊரிலேயே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. டூகல் வேலை செய்யும் படகில் போகும்போதெல்லாம் மேல்தளத்துக்கு ஏறி வந்து அவரோடு நின்று பேசுவாள். இன்று பீடத்தின் முன்னால் நின்றபடி இரண்டு தடவை பின்னால் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். டூகல் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை முடிந்ததும் டேவினா எஃபியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள்.

"எஃபி, மனசுல வச்சுக்கிட்டிருக்க எனக்குத் தெரியாது. கேட்டுடறேன். உங்க வீட்டுக்காரருக்கு நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?"

"குத்தமா?"

"அந்த மஞ்சளுக்குப் பக்கத்துல நான் நிக்க மாட்டேன், படத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டாராமே. லாக்லன் கண்ணு கலங்கி வந்து சொன்னான். அவருக்கும் ரானல்டுக்கும் ஆகாதுன்னா எனக்குப் புரியுது. ஆனா என் பொண்ணு என்ன பண்ணினா? நான் அவருக்குன்னு தனியா, கோட்டுல குத்திக்க வெள்ளை ஹெதர்ப் பூ கட்டச் சொல்லி வச்சிருந்தேன். அவர் துணியில ஒரு வெள்ளைக் கோடு ஓடுமில்ல, அதுக்குச் சேரட்டும்னு. மத்தவங்களுக்கெல்லாம் ஊதா ஹெதர்தான். அவருக்கு மட்டும் வெள்ளை."

எஃபி அவள் பிடியிலிருந்து முழங்கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீலம் வேண்டாம்னு நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நான் எதுக்கு வேண்டாம்னு சொல்றேன்? அந்த மஞ்சளை ஆத்துறதுக்கு அந்த நீலம் ஒண்ணுதான் இருக்குன்னு நிம்மதியா இருந்தேன். ரானல்டைப் பாத்தீங்கல்ல, ஏதோ பெயின்ட் டப்பா கவுந்த மாதிரி." டேவினாவின் குரல் இறங்கியது. "இப்ப கருப்பு சூட்டு போட்டுட்டு வந்து கடைசியில உக்காந்திருக்கார். சாவு வீட்டுக்கு வந்த மாதிரி. இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

அந்த நிமிஷமே எஃபி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் டேவினாவின் தோளுக்குப் பின்னால் மஞ்சள் கில்ட்டில் லாக்லன் தெரிந்தான். ரோனாவின் தலையிலிருந்த சீப்பை மெதுவாக எடுத்துவிட்டு, அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றாள் எஃபி. "தப்பா எடுத்துக்காதீங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தானும் இப்போது அந்தப் பொய்யில் பங்காளி என்று.

லாக்லனைப் பாடகர் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"டேவினா ஒண்ணுமே சொல்லலையாம்."

 அவன் இடுப்புப் பட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"அவங்ககிட்ட எதுக்குப் போய்ப் பேசினே?"

"அவங்கதான் பேசினாங்க. டூகல் நிக்க மாட்டேன்னார்னு அவங்ககிட்ட. டூகலை வேண்டாம்னாங்கன்னு என்கிட்ட. ரெண்டு பக்கமும் ஒரே நாக்கு."

"அம்மா, கத்தாதே. வெளிய கேக்கும்."

"நான் கத்தலை. நீ கட்டியிருக்கிற துணிதான் கத்துது."

லாக்லன் நாற்காலியில் உட்கார்ந்தான். கில்ட்டின் மடிப்புக் கலையாமல் கையால் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அப்படி உட்காரக் கற்றுக்கொடுத்தது யார் என்று எஃபிக்குத் தெரியும்.

"அப்பா கேட்டார்," என்றான். "ஒரே ஒரு படத்துல அவர் மட்டும் என் பக்கத்துல நிக்கணும்னு. டூகலைப் பாத்தா அவருக்குக் குத்துதாம்."

"குத்தட்டும். குத்தணும்."

"டூகலுக்கு எல்லாம் கிடைச்சுதே அம்மா. என் பள்ளிக்கூடம், பட்டமளிப்பு, எல்லாப் படத்துலயும் அவர்தான் இருக்கார். அப்பாகிட்ட என்னோட படம் ஒண்ணுகூட இல்ல."

"யாருடா அவனை வர வேண்டாம்னு தடுத்தது?"

அவன் காலுறை நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரி, உனக்கு அப்பா வேணும்னு இருக்கு. அதை டூகல்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. அவர் என்ன உன்னை அடிச்சுடுவாரா?"

"சொன்னா சரின்னுடுவார்." லாக்லன் தரையைப் பார்த்தான். "அப்படியே சரிப்பான்னுடுவார். அந்த முகத்தை என்னால பாக்க முடியாது."

"அதனால என்னை விட்டுப் பாக்கச் சொன்னே."

"நாளைக்கு ஒரு நாள் போகட்டும். அப்புறம் நானே எல்லாத்தையும் சரி பண்றேன். ரோனாகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவளுக்குப் பொய்னா ஆகாது."

எஃபி மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கு, நெற்றி, தலையைச் சாய்த்துக் கெஞ்சுகிற விதம் எல்லாம் ரானல்ட். அது அவன் குற்றமில்லை. ஆனால் இந்த மனசு எங்கிருந்து வந்தது? இருபது வருஷம் டூகலின் சோற்றைத் தின்றும் அது மாறவில்லையே.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

*

வீட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாக நடந்தே திரும்பினார்கள். காற்று டூகலின் சூட்டைப் பின்னால் இழுத்தது. எதிர்க்கரையிலிருந்து படகு வந்துகொண்டிருந்தது.

"அந்தம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க, கவனிச்சியா?" என்றார் டூகல். "சூட்டுக்கு மாறினதும் போதலை போல. நல்ல மனுஷின்னு நெனச்சிருந்தேன்."

இப்போது சொல்ல வேண்டும். டேவினா பாவம், அவள் உனக்காக வெள்ளைப் பூ கட்டி வைத்திருக்கிறாள் என்று. சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் என்பதுதான். யாரோ ஒரு டேவினா வேண்டாம் என்றதைத் தாங்கிக்கொள்கிற இந்த மனிதர், லாக்லன் வேண்டாம் என்றதை எப்படித் தாங்குவார்? எஃபி கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டாள்.

"அவங்களுக்கு ஆயிரம் கவலை," என்றாள்.

"நாளைக்கு மத்தியானப் படகுல ஒரு ஆள் குறையுதாம். நான் வர்றேன்னு சொல்லிட்டேன்."

எஃபி நின்றுவிட்டாள். "கல்யாணத்தன்னைக்கா?"

"தேவாலயத்துக்கு வருவேன். கடைசியில உக்காந்து மோதிரம் மாத்தறதைப் பாத்துட்டு, படம் எடுக்க ஆரம்பிக்கறப்போ கிளம்பிடுவேன். நான் அங்க நின்னா போட்டோக்காரனுக்கும் சங்கடம், எங்க நிறுத்தறதுன்னு தெரியாம முழிப்பான்." அவர் நடந்துகொண்டே சொன்னார். "படகுல குடுக்கற மேல்சட்டையும் மஞ்சள்தான். அங்கேன்னா சேரும்."

அவர் சிரிக்கவில்லை. எஃபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. அப்படியே வீடு வரை நடந்தார்கள்.

*

சாயங்காலச் சாப்பாட்டுக்கு எஃபி உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பக்கத்து வாணலியில் கொத்துக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரோனா நின்றிருந்தாள். தலை நனைந்திருந்தது. கையில் சின்ன அட்டைப்பெட்டி.

"டூகல் இருக்காரா எஃபி?"

"பின்பக்கம் இருக்கார். நீ எதுக்கு இந்த மழையில... நாளைக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு..."

"அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

குரல் கேட்டு டூகல் தானே வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "வாம்மா, உக்காரு. மணப்பொண்ணு நனையக் கூடாது," என்றார்.

ரோனா உட்காரவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளை ஹெதர், தண்டில் நீலப் பச்சை நாடா சுற்றிக் கட்டியிருந்தது.

"இது உங்களுக்குன்னு கட்டினது. நாளைக்கு நீங்க எங்க கூட நிக்க மாட்டீங்கன்னு தெரியும். அதுக்காகச் சண்டை போட வரலை. ஆனா இதை வேற யாருக்கும் குத்த எனக்கு மனசு வரலை. அதான் கொண்டாந்தேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஏன் வேண்டாம்னீங்க?"

டூகல் பூவைப் பார்த்தார். நாடாவின் நிறத்தைப் பார்த்தார்.

"நான் வேண்டாம்னேனா?"

"லாக்லன் சொன்னானே. மஞ்சளுக்குப் பக்கத்துல நிக்கறதுக்கு உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்னு."

"உங்கம்மாதானே என் கில்ட் வேண்டாம்னு சொன்னாங்க? நிறம் சேரலைன்னு?"

"எங்கம்மாவா? இந்த நாடாவை நாலு கடை தேடி வாங்கினதே அவங்கதான்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எஃபியின் பக்கம் திரும்பினார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் டூகல்.

"மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"தேவாலயத்துலயா?"

"ஆமா."

"அப்ப கடற்கரையில நடந்து வர்றப்போ தெரியும்."

"உனக்கு வலிக்குமேன்னுதான் டூகல்..."

"அந்தம்மாவை நான் குறை பேசினேன். நீ கேட்டுக்கிட்டே வந்தே."

அவர் குரல் உயரவில்லை. துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். எஃபி ஓர் அடி முன்னால் வந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய் அடுப்பைக் குறைத்தார்.

"உருளைக்கிழங்கு வெந்துருச்சு. வடிச்சுடு," என்றார். பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

பூ மேசைமேலேயே இருந்தது.

எஃபி உருளைக்கிழங்கை வடிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் கணவன் அவளை விட்டுவிட்டுப் போனபோதுகூட அவளுக்கு இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

ரோனா ஈரக் கோட்டைக் கழற்றாமலே அவள் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி, நிதானமாகக் கேட்டாள்.

"எஃபி, நாளைக்கு நான் அவனுக்குக் கழுத்தை நீட்டப் போறேன். எனக்கு ஒண்ணு தெரியணும். இவன் இப்படிச் செய்யறது இதுதான் முதல் தடவையா?"

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எஃபிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். லாக்லன் எப்போதும் சக்கரத்தை நடைபாதைமேல் ஒரு பக்கமாக ஏற்றித்தான் நிறுத்துவான். கதவு சாத்தப்பட்டது. சீட்டியடித்துக்கொண்டே வந்தான்.

முதல் தடவை என்று சொல்லிவிட்டால் போதும். பெற்ற பிள்ளை. நாளைக்குப் பூ, பாட்டு, விருந்து, எல்லாம் நடந்துவிடும். ரோனாவும் காலப்போக்கில் தானே தெரிந்துகொள்வாள், எஃபி தெரிந்துகொண்ட மாதிரி.

"இல்ல," என்றாள் எஃபி.

"யார்கிட்ட?"

"ஸ்டர்லிங்ல ஒரு பொண்ணு இருந்தா. ஐலீன்னு பேரு. கல்யாணத்துக்கு அவளுக்கு கவுன்கூட தைச்சாச்சு. அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கலை, அதனாலதான் முடியாதுன்னு அவகிட்ட சொல்லியிருக்கான். அவங்கம்மா எனக்கு போன் பண்ணி அழுதப்பதான் எனக்கே தெரியும். நான் அந்தப் பொண்ணைப் பாத்ததுகூட இல்ல."

கேட் கிரீச்சிட்டது. சீட்டிச் சத்தம் பாதையில் நெருங்கி வந்தது.

ரோனா வாசற்கதவருகே போனாள். திறக்கத்தான் போகிறாள் என்று எஃபி நினைத்தாள். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வந்து, டூகல் துண்டு போட்டுவிட்டுப் போன நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள்.

வெளியே லாக்லன் கைப்பிடியைத் திருகினான். திறக்கவில்லை. மறுபடி திருகினான்.

"அம்மா?" என்று கூப்பிட்டான்.